மார்போடு சேர்த்த வேண்டுதல்

நேயர்களுக்கு வணக்கம். 37 வாரங்கள் நிறையும் முன்பே ஒரு குழந்தை பிறந்துவிட்டால், அல்லது 2,500 கிராமுக்கும் குறைந்த எடையோடு பிறந்தால், அந்தக் குடும்பத்தார் மருத்துவரின் முகத்தைப் பார்க்கும் அதே நேரத்தில் கடவுளையும் அழைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பச்சிளங்குழந்தைகள் பிரிவில் நெடுங்காலம் செவிலியாகப் பணியாற்றியவள் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: அந்த வேண்டுதலுக்குச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் அல்ல, குழந்தையின் பக்கத்திலேயே இடம் வேண்டும்.

ஓர் இளம் தாயை நினைத்துக்கொள்கிறேன். அவருடைய மதம் எதுவென்பது இங்கே முக்கியமில்லை. தாம் செய்த ஏதோ பாவத்துக்குத்தான் குழந்தை இப்படிப் பிறந்தது என்று நம்பி, நடைகூடத்தில் அமர்ந்து இரவும் பகலும் ஜெபித்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து குழந்தையைத் தொட மட்டும் மறுத்துவிட்டார். எங்கள் மூத்த செவிலி அவரோடு வாதாடவில்லை. "அம்மா, இதே ஜெபத்தைக் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சொல்லுங்கள், அதற்கும் கேட்கட்டும்" என்றார். குல்லாயும் அரைத்துணியும் மட்டும் அணிந்திருந்த குழந்தையை, கால்கள் தவளையின் கால்களைப் போல மடங்கியிருக்க, தாயின் மார்பில் நேராகக் கிடத்தினார். மூச்சுக்குழாய் மடங்காதவாறு கழுத்தைச் சற்று நிமிர்த்தி, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, இருவரையும் சேர்த்துத் துணியால் கட்டினார். தயங்கித் தயங்கி எழுந்த அந்தக் குரல் மெல்ல ஒரு சீருக்கு வந்தது. இறுக மூடியிருந்த குழந்தையின் கைவிரல்கள் விரிந்தன. மறுநாள் யாரும் அழைக்காமலே அவர் உள்ளே வந்தார்.

இதைக் கங்காரு முறைப் பராமரிப்பு என்கிறோம். 1978ஆம் ஆண்டில், கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாமல் குழந்தைகள் நெருக்கியடித்துக் கிடந்த மருத்துவமனையில், எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் இதைத் தொடங்கினார். குறைமாதக் குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு போதாது. உடற்சூடு விரைவில் இறங்கிவிடும். தாயின் மார்பு அந்தச் சூட்டைக் காத்து, பாலையும் அருகிலேயே வைத்திருக்கிறது. கருவி கிடைக்காத இடத்துக்கான மாற்று ஏற்பாடு இது என்று எண்ணிவிடாதீர்கள். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் முதல் இயன்றவரை இருபத்து நான்கு மணி நேரம் வரை, பிறந்த உடனேயே தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. தந்தையும் இதைச் செய்யலாம், பாட்டியும் செய்யலாம். மீண்டும் சொல்கிறேன், தந்தையும் செய்யலாம். மந்திரமோ, வேதவசனமோ, திருமறை ஓதலோ, எதுவாயினும் குழந்தையை அணைத்தபடியே சொல்லலாம்.

நம்பிக்கை தடையாக வந்து நிற்பதுபோல் தோன்றும் இடங்களும் உண்டு. சடங்கு முடியும்வரை சீம்பால் கொடுக்கக் கூடாது என்று சில குடும்பங்களில் பெரியவர்கள் சொல்வார்கள். நோயை எதிர்க்கும் ஆற்றலைக் குழந்தைக்குத் தரும் அந்த முதற்பாலைப் பிழிந்து கொட்டிவிடுவது எனக்கு ஒருபோதும் தாங்கக்கூடியதாக இருந்ததில்லை. ஆனால் அந்தப் பெரியவரை அதட்டிப் பயனில்லை. அவர் மதிக்கும் சமயப் பெரியவரிடமே பேசி, சடங்கும் நடக்கட்டும், பாலும் இறங்கட்டும் என்று சொல்லச் செய்தால் பெரும்பாலும் வழி பிறக்கும். பிற தாய்மார் தானமாகத் தரும் பாலைச் சேமித்து வழங்கும் தாய்ப்பால் வங்கியிலும் இதே பொறுமை தேவை. ஒரே பெண்ணிடம் பால் குடித்தவர்கள் உடன்பிறந்தோர் ஆகிவிடுவதால் அவர்களுக்குள் திருமணம் கூடாது என்பது இஸ்லாமிய நெறி. பலருடைய பாலை ஒன்றாகக் கலக்காமல், கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று எழுதிவைத்து இரு குடும்பங்களுக்கும் தெரிவித்தால், அந்த ஐயத்துக்குப் பதில் சொல்ல முடிகிறது.

நேரம் முடியப்போவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். விரிவாகப் பேச எண்ணியிருந்ததைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாம் செய்தும் பிழைக்காத குழந்தைகள் உண்டு. அந்தப் பெற்றோரிடம் "கடவுளின் சித்தம்" என்று நாமாக முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம். அது அவர்களாகச் சொல்லவேண்டிய சொல். பெயர் சூட்ட வேண்டுமா, யாரையாவது அழைக்க வேண்டுமா என்று மூச்சு இருக்கும்போதே கேளுங்கள். கத்தோலிக்கக் குடும்பமாயின், மரண ஆபத்தில் இருக்கும் குழந்தைக்குக் குருவானவர் வரும்வரை காத்திராமல் செவிலியே திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், கொடுக்கலாம் என்பதைப் பணியில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுங்கள். வணக்கம்.