ஒரு தீர்ப்பைப் படிக்க ஏன் ஒரு மாலை முழுக்க ஆகிறது? சட்டக் கல்லூரி முதலாண்டின் அன்றாடம்

[திரையில்: மேசை விளக்கு, ஓரக்குறிப்புகள் நிறைந்த ஒரு தீர்ப்பின் பக்கம்]

வணக்கம். ஒருவர் சட்டக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார் என்று தெரிந்ததும் சுற்றி இருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டுதான். "அத்தனை செக்‌ஷனும் மனப்பாடம் ஆகணுமா?" என்பது ஒன்று. "எங்களுக்கு ஒரு சொத்துத் தகராறு இருக்கு, என்ன பண்ணலாம்னு சொல்லேன்" என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்குப் பதில்: வேண்டாம். முக்கியமான பிரிவுகள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போது தானாகவே பதிந்துவிடும். இரண்டாவது கேள்விக்குப் பதில்: சொல்லக் கூடாது. வழக்கறிஞராகப் பதிவு செய்யாத ஒருவர் சட்ட ஆலோசனை சொல்வதைத் தொழிலாக வைத்துக்கொள்வதற்குப் பல நாடுகளில் தடை இருக்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும், உங்களிடம் சொல்லப்படுவது தகராறில் ஒரு தரப்பின் கதை மட்டுமே. எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்று தெரியாமல் எதையும் சொல்ல முடியாது.

சரி, அப்படியானால் அந்த வருடம் முழுக்க என்னதான் செய்கிறார்கள்? படிக்கிறார்கள். மிக மெதுவாகப் படிக்கிறார்கள். முதலாண்டில் கற்க வேண்டியதில் முக்கால்வாசி அந்த மெதுவான படிப்புக்குள்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் இந்த வீடியோவின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளின் முதலாண்டைத்தான் இங்கே பார்க்கிறோம். அந்த நாடுகளில் நாடாளுமன்றம் இயற்றுவது மட்டுமே சட்டமில்லை, உயர்ந்த நீதிமன்றங்களின் தீர்ப்புகளும் சட்டம்தான். பிரான்சு, ஜெர்மனி போன்ற நாடுகளில் படிப்பு சட்டத் தொகுப்பிலிருந்து தொடங்கும், அன்றாடமும் வேறு மாதிரி இருக்கும்.

[திரையில்: ஒரு வாரத்தின் கால அட்டவணை]

வகுப்பு நேரம் என்று பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒப்பந்தச் சட்டம், தீங்கியல் சட்டம் (ஒருவர் செயலால் இன்னொருவருக்கு ஏற்படும் தீங்குக்கு இழப்பீடு பற்றியது), குற்றவியல், அரசியலமைப்பு என்று சில பாடங்கள் இருக்கும், நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். நேரத்தை விழுங்குவது வகுப்புக்கு முந்தைய மாலை. "நாளைக்கு இந்த இரண்டு தீர்ப்புகளையும் படித்துவிட்டு வாருங்கள்" என்று ஆசிரியர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார். இரண்டுதானே என்று புத்தகத்தைத் திறந்தால், அரை மணி நேரம் கழித்தும் மூன்றாவது பக்கத்தில்தான் இருப்பீர்கள். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். ஏன் என்று பார்க்க ஒரு தீர்ப்பை எடுத்துக்கொள்வோம்.

[திரையில்: 'டொனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன், 1932 ஏ.சி. 562']

பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்களிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1932 என்பது தீர்ப்புகளை அச்சிட்டு வெளியிடும் அறிக்கைத் தொகுதியின் ஆண்டு. ஏ.சி. என்பது 'அப்பீல் கேசஸ்' என்ற தொகுதி. 562 என்பது தீர்ப்பு தொடங்கும் பக்கம். இந்த ஒரு வரி போதும், உலகின் எந்தச் சட்ட நூலகத்திலும் நூலகர் அதை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

இப்போது நடந்தது என்ன? 1928 ஆகஸ்ட் 26. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊர். மே டொனஹ்யூ தன் தோழியுடன் ஒரு சிற்றுண்டிக் கடைக்குப் போகிறார். தோழி காசு கொடுத்து அவருக்கு ஜிஞ்சர் பீர் என்ற இஞ்சிப் பானம் வாங்கித் தருகிறார். பாட்டில் உள்ளே இருப்பது தெரியாத அடர்நிறக் கண்ணாடி. கொஞ்சம் குடித்தாயிற்று. மீதியை ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று வெளியே வந்து விழுகிறது என்பது அவருடைய புகார். உடல்நிலை கெட்டது, அதிர்ச்சியும் ஏற்பட்டது என்று பானத்தைத் தயாரித்த ஸ்டீவன்சன் மீது வழக்குப் போடுகிறார்.

புதிதாகச் சேர்ந்தவர் இதைக் கதையாகப் படித்து, நத்தையை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். நீங்கள் இங்கே நின்றுவிடுங்கள். பென்சிலை எடுத்து ஒவ்வொரு விவரத்தின் மீதும் ஒரே கேள்வியை வையுங்கள்: இது வேறு மாதிரி இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா?

தோழி வாங்கிக் கொடுத்தார் என்ற விவரம். டொனஹ்யூவே காசு கொடுத்திருந்தால் அவருக்கும் கடைக்காரருக்கும் இடையே ஒப்பந்தம் உண்டு, அதை வைத்தே கடைக்காரரிடம் போயிருக்கலாம். காசு கொடுத்தது தோழி என்பதால் இவருக்கு யாருடனும் ஒப்பந்தம் இல்லை. முழு வழக்கும் பிறந்தது அந்தச் சின்ன விவரத்திலிருந்துதான். ஆக, கோடு போட வேண்டிய விவரம்.

அடர்நிறப் பாட்டில். கண்ணாடி தெளிவாக இருந்து, கடைக்காரரோ குடிப்பவரோ உள்ளே பார்க்க வாய்ப்பு இருந்திருந்தால்? 'தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு இடையில் யாரும் சோதித்துப் பார்க்க வழியில்லை' என்ற வாதம் பலவீனமாகியிருக்கும். இதுவும் முக்கியம்.

பெய்ஸ்லி? வேறு ஊராக இருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. ஆகஸ்ட்? தேவையில்லை. நத்தை? பல்லியாக இருந்தாலும் ஆணியாக இருந்தாலும் வழக்கு இதேதான். எல்லோருக்கும் நினைவில் நிற்கும் நத்தைக்குச் சட்டத்தில் எந்த வேலையும் இல்லை என்று புரியும் அந்த மாலையில், ஒரு மாணவர் உண்மையாகவே சட்டம் படிக்க ஆரம்பிக்கிறார்.

அடுத்தது தீர்ப்பு. அன்றைக்கு பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையில் ஐந்து நீதிபதிகள் கேட்டார்கள். மூன்று பேர் டொனஹ்யூ பக்கம், இரண்டு பேர் எதிர்ப் பக்கம். நம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்று நாம் நியாயமாக எண்ணிப் பார்த்திருக்க வேண்டியவர்கள் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் நமக்கு அண்டை வீட்டார்தான், அவர்களுக்குத் தீங்கு வராமல் நாம் கவனமாக இருக்க வேண்டும் என்று எழுதியவர் டொனஹ்யூ பக்கம் நின்ற அட்கின் பிரபு. ஆனால் தொகுதியில் அவருக்கு முன்னால் வருவது பக்மாஸ்டர் பிரபுவின் மாறுபட்ட தீர்ப்பு. வாதம் கூர்மையானது, நடையும் கம்பீரமானது. அவசரத்தில் படித்தவர் அதிலிருந்து ஒரு பத்தியை எடுத்து 'இதுதான் சட்டம்' என்று விடைத்தாளில் எழுதிவிடுவார். தோற்றுப்போன கருத்தைச் சட்டமாக எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. எந்த நீதிபதி எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விவரம், வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் தடுமாறுவார்கள்: பாட்டிலில் நத்தை இருந்ததாக நீதிமன்றம் முடிவு செய்ததா? இல்லை. டொனஹ்யூ சொல்வதெல்லாம் உண்மை என்று வைத்துக்கொண்டால், வழக்குத் தொடர அவருக்குச் சட்டத்தில் இடம் உண்டா என்பது மட்டுமே பிரபுக்கள் சபையின் முன் இருந்த கேள்வி. அப்புறம் வழக்கு சமரசத்தில் முடிந்தது, நத்தை நிரூபிக்கப்படவே இல்லை. நீதிமன்றம் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது என்பதைச் சரியாகப் பிடிப்பதுதான் பாதிப் படிப்பு.

[திரையில்: வகுப்பறை. ஒரு மாணவி எழுந்து நிற்கிறாள்]

இவ்வளவும் செய்துவிட்டு மறுநாள் வகுப்புக்குப் போகிறீர்கள். ஆசிரியர் தீர்ப்பை விளக்கப் போவதில்லை. உங்களைத்தான் கேட்பார். இந்தப் பழக்கத்துக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். 1870இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் தலைவரான கிறிஸ்டோபர் லேங்டெல், பாட நூலை வாசித்துக் காட்டும் முறையை விட்டுவிட்டு, தீர்ப்புகளை மாணவர் கையில் கொடுத்துக் கேள்வி கேட்கும் முறையைக் கொண்டுவந்தார். அது அமெரிக்கா முழுவதும் பரவியது, மற்ற நாடுகளிலும் பல ஆசிரியர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கேள்விகள் இப்படிப் போகும். "பானத்துக்குப் பதில் உள்ளாடையாக இருந்தால்?" கற்பனை என்று நினைக்காதீர்கள், அப்படியே ஒரு வழக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் டாக்டர் கிரான்ட் என்பவர் வாங்கிய கம்பளி உள்ளாடையில் ரசாயனம் மிஞ்சியிருந்து அவருக்குக் கடுமையான தோல் நோய் வந்தது. டொனஹ்யூ தீர்ப்பு உணவு, பானங்களுக்குத்தான் பொருந்தும், அதுவும் மூடி முத்திரையிட்ட பாட்டிலுக்குத்தான் என்று தயாரிப்பாளர் தரப்பு வாதாடியது. அன்றைக்கு ஆஸ்திரேலிய வழக்குகளின் மேல்முறையீட்டையும் கேட்ட லண்டனின் பிரிவி கவுன்சில் 1935இல் அதை ஏற்கவில்லை. மூடி இருந்ததா என்பது முக்கியமில்லை, தொழிற்சாலையை விட்டுப் போன அதே குறையோடு பொருள் பயனாளியின் கைக்கு வந்ததா என்பதே முக்கியம் என்றது. முந்தைய இரவு 'நத்தையா ஆணியா என்பது முக்கியமில்லை' என்று நீங்கள் பென்சிலால் எழுதினீர்களே, நீதிமன்றமும் அதே வேலையைத்தான் செய்தது.

வகுப்பில் தப்பாகப் பதில் சொல்லிவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆசிரியர் உங்களை விடாமல் கேட்கிறார் என்றால் உங்கள் பதில் மோசம் என்று அர்த்தமில்லை. சரியான பதிலையும் எல்லை வரை தள்ளிப் பார்ப்பதுதான் அந்த முறை. ஆனால் ஒரு மாணவரைக் கூனிக் குறுக வைப்பது அந்த முறையில் சேராது. அப்படிச் செய்யும் ஆசிரியர் பாடத்துக்கு எந்த நன்மையும் செய்யவில்லை. இதை நான் அழுத்தியே சொல்கிறேன்.

[திரையில்: ஒற்றைப் பக்கக் குறிப்பு]

வகுப்பு முடிந்த கையோடு கேஸ் பிரீஃபை, அதாவது தீர்ப்பைப் பற்றி நீங்கள் எழுதிய சுருக்கக் குறிப்பை, சரி செய்துவிடுங்கள். ஒரு பக்கம் போதும்: முக்கிய நிகழ்வுகள், எழுந்த கேள்வி, முடிவு, அந்த முடிவுக்கு அவசியமான காரணம், போகிற போக்கில் நீதிபதி சொன்ன மற்றவை. கடைசி இரண்டையும்தான் ரேஷியோ, ஆபிட்டர் என்று கல்லூரியில் சொல்வார்கள். ரேஷியோ கீழ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். ஆபிட்டருக்கு மதிப்பு உண்டு, கட்டுப்படுத்தும் வலு இல்லை. சீனியர்களின் நோட்ஸ் கைக்கு வரும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நீங்கள் எழுதிய பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் சுருக்கம் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புகளே இல்லை. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. மேற்கோள் காட்டும் ஒவ்வொரு தீர்ப்பையும் மூலத்தில் திறந்து பார்க்கும் பழக்கம் முதலாண்டிலேயே வந்துவிட வேண்டும்.

தேர்வுக்கு வருவோம். கேள்வித்தாளில் ஒரு கதை இருக்கும், கீழே 'ஆலோசனை கூறுக' என்று இருக்கும். உதாரணமாக: தொலைந்த பையைக் கண்டுபிடித்துத் தருபவருக்குப் பரிசு என்று ஒருவர் அறிவிக்கிறார். அறிவிப்பைப் பற்றித் தெரியாத ஒருவர் பையைக் கொண்டுவந்து கொடுக்கிறார். பிறகு விஷயம் தெரிந்து பரிசைக் கேட்கிறார். கிடைக்குமா?

உங்களுக்கு 1892இல் முடிவான கார்லில் வழக்கு நினைவுக்கு வரும். எங்கள் புகை உருண்டையை (மூக்கால் உறிஞ்சும் மருந்து உருண்டை) சொன்னபடி பயன்படுத்தியும் சளிக்காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு தருகிறோம் என்று விளம்பரம் செய்த நிறுவனம், திருமதி கார்லிலுக்குப் பணம் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. வெறும் விளம்பரப் பேச்சு என்ற வாதம் எடுபடாததற்கு முக்கியக் காரணம், 1,000 பவுண்டு வங்கியில் போட்டிருக்கிறோம் என்று விளம்பரத்திலேயே அவர்கள் சொல்லியிருந்ததுதான். ஆனால் கார்லிலுக்கு விளம்பரம் தெரியும். நம் கதையில் இருப்பவருக்குத் தெரியாது. அதனால் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் 1913ஆம் ஆண்டு லால்மன் சுக்லா தீர்ப்புக்குப் போக வேண்டும்: காணாமல் போன சிறுவனைத் தேடிப் போன ஊழியர் கண்டுபிடித்துவிட்டார், பரிசு அறிவிப்பு அப்போது அவருக்குத் தெரியாது, பரிசுக்கு உரிமையில்லை.

'கிடைக்காது' என்ற ஒற்றைச் சொல்லுக்கு மதிப்பெண் மிகக் குறைவு. ஏன் கார்லில் பொருந்தவில்லை, ஏன் லால்மன் பொருந்துகிறது என்று கதையின் விவரங்களைத் தொட்டு எழுதும் அந்த நான்கைந்து வரிகளுக்குத்தான் மதிப்பெண். சட்ட விதியை அழகாக எழுதிவிட்டு நேரே முடிவுக்குத் தாவுவதுதான் முதலாண்டு விடைத்தாள்களின் பொதுவான குறை.

மூட் கோர்ட் பற்றிச் சுருக்கமாக. பாவனை நீதிமன்றத்தில் நீங்கள் வாதாடுவீர்கள், 'நீதிபதி' நடுவில் குறுக்கிட்டுக் கேள்வி கேட்பார். எழுதி வைத்ததை ஒப்பிக்கப் போனவர்கள் அந்த இடத்தில் உடைந்துவிடுவார்கள். கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டு வாதத்துக்குத் திரும்புங்கள். "பிறகு வருகிறேன்" என்று சொல்லாதீர்கள்.

அதிகம் பேசப்படாத ஒன்றும் இருக்கிறது. குற்றவியல் வகுப்பில் நீங்கள் படிப்பது கொலைகளும் வன்முறைகளும்தான். 1884ஆம் ஆண்டின் டட்லி, ஸ்டீவன்ஸ் வழக்கில், கப்பல் மூழ்கிப் படகில் தத்தளித்தவர்கள் பசி தாங்காமல் 17 வயதுப் பையன் ரிச்சர்ட் பார்க்கரைக் கொன்று தின்றார்கள். உயிர் பிழைக்க வேறு வழியில்லை என்பது கொலைக்கு நியாயமாகுமா என்பது சட்டக் கேள்வி. ஆகாது என்றது நீதிமன்றம். மரண தண்டனை பிறகு ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. இப்படிப்பட்ட தீர்ப்புகளைத் தொடர்ந்து படிக்கும்போது மனம் கனத்துப்போவது இயல்பு. அன்றைக்கு அதோடு புத்தகத்தை மூடிவிட்டு ஒரு நண்பரிடம் பேசுங்கள். அதில் பலவீனம் எதுவும் இல்லை.

டொனஹ்யூவும் வெறும் பெயரில்லை. உலகத்தில் தன்னிடம் இருப்பதெல்லாம் சேர்த்தாலும் ஐந்து பவுண்டு பெறாது என்று சத்தியம் செய்து, ஏழை வழக்காடியாகத்தான் அவர் பிரபுக்கள் சபை வரை போனார்.

[திரையில்: அடுத்த வீடியோவின் தலைப்பு]

இந்த வாரம் ஒரே ஒரு தீர்ப்பை, சுருக்கத்தைப் பார்க்காமல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பென்சிலோடு படித்துப் பாருங்கள். எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் கிரான்ட் வழக்கை எடுங்கள். அடுத்த வீடியோவில் அதே தீர்ப்பிலிருந்து ரேஷியோவைப் பிரித்தெடுப்பது எப்படி என்று பத்தி பத்தியாகப் பார்க்கப் போகிறோம், உங்கள் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடலாம்.