பியானோ நோட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற டுடுக்

வணக்கம் மக்களே. இன்னைக்கு ஆர்மீனிய இசை. டுடுக்னா நமக்கெல்லாம் சினிமாவுல பாலைவனத்தைக் காட்டும்போது பின்னாடி சோகமா ஊதுற வாத்தியம், அவ்வளவுதான். அந்த சோகத்தைக் கொஞ்ச நேரம் ஓரமா வைங்க. ஒரு நூறு வருஷத்துக்கு முன்னாடி பியானோ நோட்டா எழுதி வச்ச கிராமத்து இசையை, மறுபடி கிராமத்து வாத்தியத்துக்கே எப்படிக் கொண்டுபோறாங்கன்னு பார்ப்போம்.

இதுல மூல ஆள் கோமிதாஸ். 1869ல பிறந்த ஆர்மீனியத் துறவி, பெர்லின்ல போய் இசை படிச்சவர். ஊர் ஊராப் போய் 3000க்கு மேல பாட்டு எழுதி எடுத்தார். 1915 ஏப்ரல் 24 அன்னைக்கு ஒட்டோமான் அரசு கைது பண்ணின ஆர்மீனியர்கள்ல அவரும் ஒருத்தர். உயிர் பிழைச்சார், ஆனா மனசு உடைஞ்சு போச்சு. 1935ல பாரிஸ்ல இறந்தார். எழுதினதுல பாதிக்கு மேல தொலைஞ்சு போச்சு. மிச்சம் இருக்கறதுல பியானோவுக்கு எழுதின நாட்டுப்புற நடனங்களும் உண்டு. அந்த நோட்டுலயே, இந்த நடனம் எந்த வாத்தியத்தோட பாணில ஒலிக்கணும்னு அவரே குறிச்சு வச்சிருக்கார். அந்தக் குறிப்புதான் இன்னைக்கு வேலை செய்யறவங்களுக்குத் திறவுகோல்.

ஆர்மீனியாவுல பிறந்த ஆன்மீக ஆசான் குர்ஜீஃப், அவரோட கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1920கள்ல அவர் சொல்லச் சொல்ல இசையமைப்பாளர் தோமஸ் தெ ஹார்ட்மன் பியானோவுக்கு எழுதினார். 2008ல லெவோன் எஸ்கெனியான் ஆரம்பிச்ச குர்ஜீஃப் குழு முதல்ல அந்த இசையை, பிறகு கோமிதாஸை, கிழக்கத்தி வாத்தியங்களுக்குத் திருப்பிச்சு.

சரி, நோட்டு கைல இருக்கு. எந்த வரியை யாருக்குக் கொடுக்கறது? முதல் கேள்வி: இது வெளில ஆடுற ஆட்டமா, உள்ள உட்கார்ந்து கேக்கறதா? வெளின்னா சூர்னா. நம்ம நாதஸ்வரத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி, கூம்புக் குழல், ஊரே கேக்கும். கூட தோல் மேளம், அதைக் குச்சியால அடிப்பாங்க. உள்ளன்னா டுடுக், அதே மேளத்தை விரலால வாசிப்பாங்க. இதைக் கலந்துட்டா, அதாவது டுடுக் பக்கத்துல குச்சி அடி விழுந்தா, டுடுக் சத்தமே கேக்காது. மைக் வச்சு ஏத்திக்கலாம்னு நினைக்கறது தப்பு. ஏத்தினா மூச்சு சத்தமும் கூடவே ஏறும்.

டுடுக் ஏன் அவ்வளவு மென்மை? குழல் உள்ள கூம்பு இல்ல, ஒரே அகலம். அதனாலதான் அதே நீளக் கூம்புக் குழலை விட ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழ பேசும். ஆர்மீனியப் பேரே சிரானபோக், அதாவது ஆப்ரிகாட் குழல், மரம் அதுதான். ஆனா வீச்சு ஒரு ஸ்தாயிக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவே. பியானோ வலது கை ரெண்டு ஸ்தாயி ஓடினா டுடுக் தாங்காது. மேல போற வரியை ப்லூலுக்கோ ஷ்வீக்கோ பிரிச்சுக் கொடுக்கணும். ப்லூல் இடையர் குழல், காத்து கலந்த சத்தம். ஷ்வீ விசில் மாதிரி துல்லியமா இருக்கும்.

பியானோ இடது கைல ஒரே சுரம் திரும்பத் திரும்ப வந்தா, அது பெரும்பாலும் தாம். நம்ம ஒத்து. ரெண்டாவது டுடுக் வித்வான் மூச்சு விடாம ஒரே சுரம் பிடிப்பார். கன்னத்துல காத்தை நிறுத்தி, அதைத் தள்ளிக்கிட்டே மூக்குல இழுப்பார், இதுதான் சுத்து மூச்சு. பியானோ அடிச்ச சுரம் தேஞ்சுடும், அதனாலதான் எழுதினவர் திரும்பத் திரும்ப அடிக்க வச்சார். அதைப் பார்த்து டுடுக்லயும் விட்டு விட்டு ஊதினா அபத்தம். கோடு போட்ட மாதிரி நீட்டணும். பாட்டோட ஆதார சுரம் இடம் மாறினா தாமும் மாறணும்.

இப்போ நிறையப் பேர் கோட்டை விடற இடம், சீவாளி, அதாவது குழல் முனையில செருகி ஊதற நாணல். பேரு கமிஷ். ரெண்டு துண்டா வெட்டிக் கட்டினது இல்ல. ஒரே நாணல் குழாய், ஒரு முனையைத் தட்டையா அழுத்தினது. நாணல் அராக்ஸ் ஆத்தங்கரையில விளையறது. நீளம் 9லேர்ந்து 14 சென்டிமீட்டர். வாய் மூடின சீவாளியில சத்தமே வராது. உள்ள சில துளி தண்ணி விட்டு, குலுக்கிக் கொட்டிட்டு, கால் மணி நேரம் காத்திருங்க. தண்ணில ஊறப்போடாதீங்க, அளவுக்கு மீறித் திறந்துக்கும். ஒரு காசோட தடிமன் அளவு திறந்தா போதும். அதிகமாத் திறந்தா சுருதி இறங்கும், ஊத மூச்சும் நிறைய வேணும். நடுவுல ஒரு வளையம் இருக்கும், அதைக் கொஞ்சம் முனைப்பக்கம் தள்ளினா வாய் சுருங்கும், சுருதி லேசா ஏறும். வாசிச்சு முடிச்சதும் மூடியைப் போடுங்க.

கச்சேரில இதுதான் தொல்லை: வாசிக்க வாசிக்க எச்சில் ஊறி சீவாளி திறந்துக்கிட்டே போகும். ரெண்டு டுடுக்கும் ஒரே வேகத்துல திறக்காது. இருபது நிமிஷத்துல தாம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம், நடுவுல அலை அலையா ஒரு ரீங்காரம். வளையத்தைச் சரிபண்ணுங்க. சீவாளியை வெளில இழுத்து சுருதி இறக்கப் பாக்காதீங்க. குழல் சின்னதா இருக்கிற மேல் சுரங்கள் அதிகமா இறங்கும், கீழ் சுரம் கம்மியாத்தான் இறங்கும். அப்புறம் வரிசையே கோணல்.

கானோன், அதாவது மடியில வச்சு மீட்டற கம்பி வாத்தியம், கூட சேர்ந்தா, அதுல ஒவ்வொரு கம்பித் தொகுதிக்கும் சின்ன நெம்பு இருக்கு. அதைத் தூக்கி இறக்கி, டுடுக் எங்க நிக்குதோ அங்க கானோனைக் கொண்டுவரணும். டுடுக்கைக் கானோனுக்கு இழுக்கக்கூடாது. வில் போட்டு வாசிக்கிற கமான்சாவுக்கு முகத்துல தோல், ஈரக்காத்து பட்டா தொய்யும், அதை முன்கூட்டியே மேடைக்குக் கொண்டுவந்து வச்சிடுங்க.

கடைசியா ஷரகான், ஆர்மீனியக் கிறிஸ்தவக் கோயில் பாடல்கள். பழைய சுவடியில எழுத்துக்கு மேல 'கஸ்'னு பேருள்ள இசைக் குறிகள் இருக்கும். அதைப் படிக்கிற முறை மறந்தே போச்சு. 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஹம்பார்ட்சும் லிமோன்ஜியான் புதுக்குறி முறை உண்டாக்கினார். 1870கள்ல நிகோகாயோஸ் தஷ்ஜியான், ஆர்மீனியத் திருச்சபையோட தலைமையிடமான எச்மியாட்சின்ல, அதை வச்சு, அப்போ பாடினதை எழுதி எடுத்தார். அதனால யாராவது "அஞ்சாம் நூற்றாண்டு மெட்டு, அப்படியே"ன்னு சொன்னா நம்பாதீங்க. வார்த்தை பழசா இருக்கலாம், கைல இருக்கிற மெட்டு அந்த 1870கள்ல காதுல கேட்டது.

கோயில் வழிபாட்டுல டுடுக் கிடையாது. மணி கோத்த உலோகத் தட்டு கிலுங்கும், கைத்தாளம் இருக்கும். டுடுக்ல ஷரகான் வாசிக்கறது கச்சேரி மேடைக்கு வந்த பழக்கம். தப்பில்ல, ஆனா ஒரு வேலை இருக்கு. நோட்டுக்குக் கீழ பாட்டு வரியை எழுதிக்கோங்க. ஒரே அசையில இருபது சுரம் ஓடும், அதுக்கு நடுவுல மூச்சை எடுத்தா சொல் உடைஞ்சிடும். எங்க பாடகர் மூச்சு எடுப்பாரோ அங்க மெட்டு வாசிக்கிறவர் வெளிப்படையா நிறுத்தி எடுக்கட்டும். சுத்து மூச்சு தாம் பிடிக்கிறவருக்கு மட்டும். ரெண்டு பேரும் நிறுத்தாம ஊதினா, கேக்கறவங்களுக்கு வரி எங்க முடிஞ்சது, எங்க ஆரம்பிச்சதுன்னே தெரியாது.