மரத்திலேயே காயும் புளிப்பு: மொம்பாசாவில் பாவோபாப் பழம்

வணக்கம் மக்களே. இதோ என் கையில் இருப்பதைப் பாருங்கள். ஒரு சாண் நீளம், மேலே பச்சையும் பழுப்பும் கலந்த சுணை, வெல்வெட் துணி மாதிரி தடவலாம். குலுக்குகிறேன், கேளுங்கள். கடகடவென்று சத்தம் வருகிறதா? சாறு ததும்பும் பழம் எதுவும் இப்படிச் சத்தம் போடாது. இது பாவோபாப். கென்யாக் கரையில் மரத்தை ம்புயு என்பார்கள், உள்ளே இருக்கும் மாவை உபுயு என்பார்கள். இங்கே மொம்பாசா சந்தையில் வாங்கியது.

சரி, உடைக்கலாம். கத்தி வேண்டாம், தரையில் ஓங்கி ஒரு தட்டு. ஓடு மரக்கட்டை மாதிரி கெட்டி, ஆனால் விரிசல் விட்டால் கையாலேயே பிரித்துவிடலாம். கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டு வருகிறேன். வெள்ளை வெள்ளையாக, சுண்ணாம்புக் கட்டி போல இருக்கிறதே, அதுதான் சதை. நடுவே சிவப்பு நார். ஒவ்வொரு கட்டிக்குள்ளும் கரும்பழுப்பில் ஒரு விதை. ஒன்றை வாயில் போடுகிறேன்... நாக்கில் ஒட்டிக்கொண்டு மெதுவாகக் கரைகிறது. நல்ல புளிப்பு, பின்னால் லேசான இனிப்பு.

இந்தப் பழத்தின் விசேஷமே இதுதான். வெயிலில் பரப்பிக் காய வைக்க வேண்டாம், மெஷினும் வேண்டாம். காம்பில் தொங்கும்போதே உள்ளே ஈரம் வற்றிச் சதை மாவாகிவிடுகிறது. ஓடு உடையாத வரைக்கும் மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஃபிரிட்ஜ் இல்லாத வறண்ட நாட்டில், பஞ்ச காலத்தில், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு உபுயு என்றால் மபுயு மிட்டாய்தான். செய்முறை சுலபம். நாரை எடுத்துவிட்டு, சதை ஒட்டிய விதைகளைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரையும் தண்ணீரும் பாகு காய்ச்சி, சிவப்பு நிறம், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு போடுவார்கள். சிலர் மிளகாய்த்தூளும் சேர்ப்பார்கள், எனக்குப் பிடித்தது அந்தக் காரம் போட்டதுதான். கொதிக்கும் பாகில் விதைகளைக் கொட்டி, பாகு வற்றி ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரியும் வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கிளறலில்தான் கை வலி. சின்னச் சின்ன பிளாஸ்டிக் பொட்டலமாகக் கட்டி விற்பார்கள். விதையைக் கடிக்கக் கூடாது, சப்பிவிட்டுத் துப்ப வேண்டும். பக்கத்து நாடான தான்சானியாவின் சான்சிபார் தீவிலும் இதே கதைதான்.

பானம் இன்னும் சுலபம். புளி கரைப்பது எப்படியோ அப்படி. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, விதையிலிருந்து சதை கழலும் வரை கையால் பிசைந்து வடிகட்டுங்கள். பாருங்கள், பால் மாதிரி வெள்ளையாக, கெட்டியாக வருகிறது. உள்ளே பெக்டின் நிறைய, ஜாமைக் கெட்டியாக்கும் அதே நார்ச்சத்து, அதனால்தான் இந்தக் கெட்டி. சர்க்கரை போட்டுக் குடிக்கலாம், தேங்காய்ப்பால் சேர்த்தால் புளிப்பு அடங்கிவிடும்.

செனகலில் இதே பானத்துக்கு புய் என்று பெயர். அங்கே புனித வெள்ளி அன்று கிறிஸ்தவர்கள் ங்கலாக் என்று ஒன்று செய்வார்கள்: கம்பு மாவை உருட்டி வேக வைத்து, வேர்க்கடலை விழுதும் பாவோபாப் கரைசலும் சேர்த்து, குளிரக் குளிர. பாத்திரம் பாத்திரமாக அக்கம்பக்கத்து முஸ்லிம் வீடுகளுக்கும் போகும். பக்ரீதுக்கு அந்த வீடுகளிலிருந்து இறைச்சி வரும். சூடானில் ரமலான் நோன்பு திறக்கக் குடிக்கும் கொங்கோலேஸும் இதே பழம்தான். வட நைஜீரியாவில் பழத்தைவிட இலைக்குத்தான் மவுசு. இலையைக் காய வைத்துப் பொடித்து, மியன் குக்கா என்று குழம்பு வைப்பார்கள்.

அப்புறம், சத்து கொட்டிக் கிடக்கும் உணவு என்று பாவோபாப் மாவை "சூப்பர்ஃபுட்" ஆக்கி விற்கிறார்களே, அந்த விஷயம். 2008-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த மாவை விற்க அனுமதி கொடுத்தது. அதற்குப் பிறகு அழகான டப்பாக்களில், பல மடங்கு விலையில் கிடைக்கிறது. ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி என்று எழுதியிருப்பார்கள். பொய் இல்லை. 100 கிராம் மாவில் 200, 300 மில்லிகிராம் இருக்கலாம், மரத்துக்கு மரம் மாறும். ஆனால் ஈரமே இல்லாத மாவையும் சாறுள்ள பழத்தையும் எடைக்கு எடை ஒப்பிட்டால் மாவு ஜெயிக்காமல் என்ன செய்யும்? யாரும் 100 கிராம் மாவைத் தின்னப் போவதில்லை. ஒரு கரண்டி, 10 கிராம் என்று வைத்தால், 20, 30 மில்லிகிராம். நல்லதுதான், அதற்கு மேல் அலட்ட வேண்டாம். பாகில் கொதித்த மபுயுவில் அதுவும் குறைந்துவிடும். கால்சியமும் நார்ச்சத்தும் நிறைய உண்டு, அதை டப்பாக்காரர்கள் அவ்வளவாகக் கத்திச் சொல்வதில்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்தில். 2022-ல் இங்கே மொம்பாசாவுக்கு வடக்கே கிலிஃபியில் பெரிய பெரிய பாவோபாப் மரங்களை வேரோடு தோண்டி, கப்பலில் ஜார்ஜியா நாட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள், ஒரு பூங்காவில் நடுவதற்காக. நிலத்துக்காரர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த நவம்பரில் கென்ய அதிபர் ரூட்டோ விசாரணைக்கு உத்தரவிட்டார். வறுமையில் இருப்பவர் மரத்தை விற்றால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் விதை போட்டு இந்த மரம் காய்க்கவே பத்துப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகும், காய்க்க ஆரம்பித்தால் நூற்றாண்டுக் கணக்கில் காய்க்கும். கையில் வாங்கிய பணம் எத்தனை வருடம் வரும்?

பழம் கிடைக்குமா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: ராமநாதபுரம் பக்கம் பொந்தன்புளி, மன்னாரில் பெருக்கமரம் என்பது இதே மரம்தான், அங்கே போனால் விசாரியுங்கள். மாவாக வாங்குவதாக இருந்தால் வேறு எதுவும் கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள். மபுயு வாங்கினால் வெள்ளைச் சட்டையில் சாப்பிடாதீர்கள், அந்தச் சிவப்பு லேசில் போகாது.