வாசல்ல லைசென்ஸ் இருக்கு, மார்க் ஷீட் எங்க?

வணக்கம் மக்களே! பின்னாடி சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் கேக்கும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்ல நிக்கிறேன், சாயங்காலம் ஆச்சுன்னா துணி எடுக்க வர்ற கூட்டம் இப்படித்தான். இன்னிக்கி ரிவ்யூ கிடையாது, எதுவும் சாப்பிடப் போறதில்ல. ஹோட்டல் கிச்சன ஆபீசர் சோதிச்சுப் போடுற மார்க் பத்தித்தான் பேச்சு.

வாட்ஸ்அப்ல அடிக்கடி ஒரு வீடியோ சுத்தும்ல? ஃபுட் ஆபீசர் வந்து ஃப்ரிட்ஜத் தொறப்பாரு, பழைய சிக்கன வெளிய எடுத்துப் போட்டு மேல பினாயில ஊத்துவாரு. அதப் பாத்துட்டு கீழ கமெண்ட்ல, "அக்கா, நீ போற கடையெல்லாம் நம்பலாமா?"ன்னு கேக்குறீங்க. நியாயமான கேள்விதான். ஆனா இதையே கடைக்காரர்கிட்ட கேட்டுப் பாருங்க. "லைசென்ஸ் கீதும்மா, அதோ பாரு"ன்னு கல்லாவுக்கு மேல கைய காட்டுவாரு. முருகர் படத்துக்குப் பக்கத்துல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கும்.

அந்த உணவு பாதுகாப்பு (FSSAI) சர்டிபிகேட்ல 14 இலக்க நம்பர் ஒண்ணு இருக்கும். முதல் இலக்கம் 1-னா லைசென்ஸ், 2-னா ரெஜிஸ்ட்ரேஷன். தள்ளுவண்டி, சின்ன டிபன் கடைக்கெல்லாம் ரெண்டாவதுதான். அடுத்து 24 வந்தா தமிழ்நாடு. அதுக்கப்புறம் வர்ற ரெண்டு இலக்கம் வருஷம். 2022 ஜனவரியிலிருந்து பில்லுலயும் இந்த நம்பர் இருந்தாகணும். ஃபாஸ்காஸ்னு (FoSCoS) உணவு லைசென்ஸுக்கான அரசு வெப்சைட் இருக்கு, அதுல போட்டுப் பாத்தா உயிரோட இருக்கா, காலாவதி ஆயிடுச்சான்னு தெரிஞ்சிடும். அவ்ளோதான் அதோட வேல. கடை நடத்த அனுமதி வாங்கியிருக்காருன்னு சொல்லும். கிச்சன் எப்படி இருக்குன்னு அது சொல்லாது.

அதச் சொல்ற காகிதம் வேற. ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு மெஸ்காரர், பேர் வேணாம்னு சொல்லிட்டாரு, எனக்கு அதக் காட்டுனாரு. பிளாஸ்டிக் ஃபைலு, ஓரத்துல மஞ்சத்தூள் கறை. உள்ள ஆபீசர் சோதனை பண்ண வந்தப்போ போட்ட செக்லிஸ்ட். மொத்தம் 114 மார்க். 100-ம் அதுக்கு மேலயும் எடுத்தா ஏ ப்ளஸ். 91-லேருந்து 99 வரைக்கும் ஏ. 81-லேருந்து 90 வரைக்கும் பி, அதாவது திருத்திக்கணும். அதுக்கும் கீழ போனா கிரேடே கிடையாது. சாதா கேள்விக்கு 2 மார்க், சில கேள்விக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரம் போட்டிருக்கு, அதுக்கு 4. அந்த நட்சத்திரத்துல ஒண்ணு போச்சுன்னா மத்ததுல எவ்ளோ வாங்குனாலும் ஃபெயிலுதான்.

மெஸ் அண்ணன் அடி வாங்குனது தண்ணியில. நம்ம ஏரியா தெரியும்ல, போர் போட்டா உப்பு, அதனால லாரி தண்ணிய வாங்கி சம்புல விடுறோம். சம்பு சுத்தமாத்தான் வெச்சிருந்தாரு. ஆனா ஆறு மாசத்துக்கு ஒரு வாட்டி தண்ணிய லேப்ல டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட்ட கையில வெச்சிருக்கணும், அது இல்ல. "நான் குடிக்கிற தண்ணிதாம்மா அது, அதுக்கு இன்னா ரிப்போர்ட்டு?"ன்னு எங்கிட்டயே கேட்டாரு. இம்ப்ரூவ்மென்ட் நோட்டீஸ் குடுத்தாங்க. அதுல சரி பண்ணிக்க 14 நாளைக்குக் கொறையாம டைம் தரணும்னு சட்டம். அவரு டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்ட ஃபைல்ல சொருகிட்டாரு. சுகாதாரம் இல்லாம சமைச்சதா கேஸ் ஆச்சுன்னா அபராதம் 1 லட்சம் வரைக்கும் போகும், அந்த மெஸ்ஸுக்கு அது பெரிய அடி.

அந்த லிஸ்ட்ல எனக்கு ஆச்சரியமா இருந்தது பிரியாணி விஷயம். கரப்பான், எலி இதெல்லாம் நம்ம கண்ணுக்கே தெரியும். தேக்சா, அதான் பிரியாணி அண்டா, அதுக்குள்ள நடக்குறது தெரியாது. மதியம் மிஞ்சுன சோத்த ராத்திரிக்கு எடுத்து வைக்கணும்னா, 60 டிகிரியிலேருந்து 21-க்கு ரெண்டு மணி நேரத்துல எறங்கணும், அடுத்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள 5 டிகிரிக்குப் போயிடணும். தேக்சாவ அப்படியே மூடி வெச்சா நடுவுல ராத்திரி வரைக்கும் வெதுவெதுன்னே கிடக்கும். சோத்துல பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி உண்டு, அதோட வித்து வேக வெச்சாலும் சாகாது. அந்த வெதுவெதுப்புல அது பெருகி விஷத்த விட்டுச்சுன்னா, திரும்ப சூடு பண்ணாலும் அந்த விஷம் போகாது. ஆவி பறக்குற பிரியாணியச் சாப்பிட்டு ராத்திரி வாந்தி எடுக்குற ஆளுங்கள்ல பாதிப் பேர் கறியத்தான் திட்டுவாங்க. பெரிய தட்டுல சோத்தப் பரப்பி சீக்கிரம் ஆற விட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சா தீந்துச்சு, பெருசா செலவே இல்ல.

சிக்கன் 65 செவப்பு பத்தி எல்லாரும் கேக்குறீங்க. செயற்கைக் கலர் அதுல கொஞ்சம்கூட சேக்கக் கூடாது. எண்ணெய்க்கும் அளவு உண்டு, திரும்பத் திரும்பப் பொரிக்கிறப்போ எண்ணெய் கெட்டு அதுல உருவாகுற போலார் காம்பவுண்டு 25 சதவீதத்தத் தாண்டுனா, அந்த எண்ணெய மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது. ஷவர்மா தனி வீடியோவா போடுறேன், பச்ச முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரல்ல அரசு தடை போட்ட கதையோட.

என் கோவம் வேற எடத்துல. சாம்பிள் எடுத்தா அத நாலு பங்கா பிரிச்சு சீல் வெச்சு, ஒரு பங்க ஃபுட் அனலிஸ்டுக்கு அனுப்புவாங்க, நமக்கு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்துல லேப் இருக்கு. 14 நாள்ல ரிப்போர்ட் வரணும். ஆனா பினாயில் ஊத்துன வீடியோ ஊரெல்லாம் சுத்தும், அந்த ரிப்போர்ட்ட யாரும் காட்டுறதில்ல. கடை திருந்துச்சா, தப்பே இல்லன்னு வந்துச்சா, ஒண்ணும் தெரியாது. நியூயார்க்ல 2010-லேருந்து ஏ, பி, சின்னு எழுத்து போட்டு கடை வாசல்லயே ஒட்டுறாங்க. இங்க ஸ்மைலி போட்டு அஞ்சுக்கு ரேட்டிங் தர்ற திட்டம் இருக்கு, ஆனா கடைக்காரர் விருப்பப்பட்டாத்தான். நல்லா நடத்துற எங்க மெஸ் அண்ணன் மாதிரி ஆளுக்குத்தான் இதுல நஷ்டம்.

அதனால உங்களுக்கு ஒரு கடை மேல நெஜமாவே சந்தேகம்னா ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு, போடுங்க. 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, மாவட்ட உணவு பாதுகாப்பு ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்க. "கடைய சோதிச்சீங்களா?"ன்னு மொட்டையா கேக்காதீங்க, "சோதித்தோம்"னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. அந்த 14 இலக்க நம்பரப் போட்டு, சோதனை அறிக்கை நகல், நோட்டீஸ் நகல், சாம்பிள் முடிவுன்னு தனித்தனியா கேளுங்க. 30 நாள்ல பதில் தரணும். சாப்பிட்டு உடம்புக்கு ஆயிடுச்சுன்னா 94440 42322-க்கு வாட்ஸ்அப் பண்ணுங்க, பில்லு ஃபோட்டோ, சாப்பிட்ட தேதி, நேரம் எல்லாம் சேத்து. பில்லக் கசக்கித் தூக்கிப் போட்டுட்டு வந்து எங்கிட்ட சொன்னா நான் இன்னா பண்றது?