போட்டிதான் வங்கியை வேலை வாங்குகிறது

நடுவர் ஐயாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். தலைப்பு தெரியும்: வங்கிகளின் செயல்பாடு சிறக்கக் காரணம் போட்டியா, பெருவங்கிகளின் ஆதிக்கமா? போட்டியே என்பது எங்கள் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு குத்து விட்டுப் போனார், கைத்தட்டலும் வாங்கினார். "போட்டி போட்டி என்கிறீர்களே, 2008 நிதி நெருக்கடியை மறந்துவிட்டீர்களா? ஆயிரக்கணக்கான வங்கிகள் இருந்த அமெரிக்கா ஆட்டம் கண்டது. ஆறு பெரிய வங்கிகள் ஆளும் கனடாவில் ஒன்றுகூட விழவில்லை. எண்ணிக்கை குறைந்தால்தான் பத்திரம்" என்றார்.

சரி நண்பரே, உங்கள் கணக்குக்கே வருகிறேன். ஆறு பத்திரம் என்றால் மூன்று அதைவிடப் பத்திரமாக இருக்க வேண்டும் அல்லவா? வாருங்கள், ஐஸ்லாந்துக்குப் போவோம்.

சின்ன நாடு. சுமார் 3 லட்சம் மக்கள். கிளிட்னிர், லான்ட்ஸ்பாங்கி, கௌப்திங் என்று மூன்று பெரிய வங்கிகள். நாட்டின் வங்கித் தொழிலில் பெரும்பகுதி அந்த மூன்றின் கையில். நண்பர் ஆசைப்படும் அதே அமைப்பு! 2008 வாக்கில் அந்த மூன்றின் மொத்தச் சொத்து, அதாவது கொடுத்த கடனும் போட்ட முதலீடும் சேர்ந்து, நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல ஏறத்தாழ 10 மடங்கு. ஐயா, பத்து மடங்கு! நாடே பத்து வருஷம் உழைத்து, ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தால்தான் அந்தத் தொகை வரும்.

அப்புறம் வந்தது அக்டோபர் 6, திங்கட்கிழமை. பிரதமர் கெய்ர் ஹார்டே தொலைக்காட்சியில் தோன்றினார், நிலைமையை விளக்கினார். பேச்சை எப்படி முடித்தார் தெரியுமா? "கடவுள் ஐஸ்லாந்தை ஆசீர்வதிக்கட்டும்!" வங்கியில் பணம் போட்டவர், "உங்கள் பணம் இருக்கிறது" என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறார். பிரதமரோ கடவுளைக் கூப்பிடுகிறார். அந்த நெஞ்சு எப்படிப் பதறியிருக்கும்! செவ்வாய்க்கிழமை இரண்டு வங்கிகள் அரசின் கட்டுப்பாட்டுக்குப் போயின. வியாழக்கிழமை மூன்றாவதும் போனது. எண்ணிக்கொள்ளுங்கள் ஐயா: திங்கள் பிரார்த்தனை, செவ்வாய் இரண்டு, வியாழன் ஒன்று. வாரம் முடியவில்லை, வங்கிகள் மூன்றும் முடிந்தன! எண்ணிக்கை குறைந்தால் பத்திரமாம்!

அப்படியென்றால் கனடா எப்படித் தப்பியது? வங்கியின் சொத்து அதன் சொந்த மூலதனத்தைப் போல 20 மடங்கைப் பொதுவாகத் தாண்டக்கூடாது என்று அங்கே ஒரு வரம்பு இருந்தது. வீட்டுக்கடன் கொடுப்பதிலும் கண்டிப்பு இருந்தது. காப்பாற்றியது கண்காணிப்பு. அந்தப் புகழை ஆதிக்கத்தின் கணக்கில் வரவு வைக்கலாமா?

போட்டி லாபத்தைக் குறைத்ததால் வங்கிகள் துணிந்து ஆபத்தில் இறங்கின என்று 1990இல் பொருளாதார ஆய்வாளர் மைக்கேல் கீலி எழுதியதை எதிரணித் தலைவர் சொன்னார். நல்ல ஆய்வு, மதிக்கிறேன். ஆனால் 2005இல் போய்ட், டி நிக்கோலோ என்ற இரு ஆய்வாளர்கள் மறுபக்கத்தைக் காட்டினார்கள். போட்டியில்லாத வங்கி கடன் வட்டியை ஏற்றுகிறது. அந்த வட்டியைக் கட்டுவதற்காகவே கடன் வாங்கியவர் ஆபத்தான தொழிலில் இறங்குகிறார். அவர் விழுந்தால் வங்கியும் சேர்ந்து விழுகிறது.

பெரிய வங்கிக்கு லாபம் அதிகம் என்றார்கள். டெபாசிட்டுக்குக் குறைத்துக் கொடுத்து, கடனுக்குக் கூட்டி வாங்கினால் லாபம் வரத்தான் செய்யும். அதில் திறமை எங்கே? ஏகபோக லாபத்திலேயே சிறந்தது அமைதியான வாழ்க்கைதான் என்று பொருளாதார அறிஞர் ஜான் ஹிக்ஸ் 1935லேயே சொல்லிவிட்டார். போட்டி இல்லாதவர் மெனக்கெட மாட்டார் என்று அர்த்தம். 1998இல் பெர்கரும் ஹன்னனும் அமெரிக்க வங்கிகளை ஆராய்ந்தபோது, ஆதிக்கம் கூடிய சந்தைகளில் வங்கிகளின் செலவுத் திறன் குறைந்திருந்தது, அதாவது அதே வேலைக்கு அதிகம் செலவழித்தன. இல்லை, திறமையால்தான் பெரிதானார்கள் என்று பொருளாதார அறிஞர் டெம்செட்ஸின் வாதத்தை எடுத்தால், நான் ஒன்றே கேட்கிறேன்: திறமையால் வளர்ந்தவருக்குப் போட்டியைக் கண்டு பயம் எதற்கு?

1970களிலிருந்து அமெரிக்க மாநிலங்கள் ஒவ்வொன்றாக வங்கிக் கிளைகளுக்கு இருந்த தடையைத் தளர்த்தி, போட்டிக்குக் கதவைத் திறந்தன. கடன்களின் தரம் உயர்ந்தது, மாநிலத்தின் வளர்ச்சியும் வேகம் பிடித்தது என்று 1996இல் ஜெயரத்னே, ஸ்ட்ராஹன் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

நடுவர் ஐயா, இனி எண்கள் போதும். கடன் கேட்டு வங்கி வாசலில் நிற்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். கையில் தொழில் இருக்கிறது, அடமானம் வைக்க ஒன்றுமில்லை. அவளால் போகக்கூடிய வங்கி அது ஒன்றுதான். மேலாளர் "முடியாதம்மா" என்கிறார். அந்த ஒரு சொல்லோடு தொழில் நிற்கிறது, பிள்ளையின் படிப்பு நிற்கிறது. மேல்முறையீடு செய்ய அவளுக்கு இடமில்லை. எதிரே இன்னொரு வங்கி இருந்திருந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கே போய்க் கேட்டிருப்பாள். அவள் அங்கே போவாள் என்று தெரிந்தாலே இந்த மேலாளரும் அவளுடைய விண்ணப்பத்தை இன்னொரு முறை படித்திருப்பார். அந்த இரண்டாவது வாசலைத்தான் எங்கள் அணி கேட்கிறது. அவளுக்காகத் தீர்ப்புச் சொல்லுங்கள் ஐயா. நன்றி, வணக்கம்.