கொக்கான் கல்லைப் பொத்தின கை

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அக்காமாரே, இந்த வெக்கையிலயும் எழும்பிப் போகாமல் இருக்கிற சபையோரே, வணக்கம்.

பெண்களின்ர வாழ்க்கையைக் கூடுதலாகச் செதுக்கிறது சின்ன வயசு நட்பா, சின்ன வயசுக் காயமா? இதுதான் தலைப்பு. நான் காயத்தின்ர பக்கம்.

எனக்கு முதல் கதைச்ச எதிரணி அக்கா, 95ஆம் ஆண்டு சண்டைக்க யாழ்ப்பாணச் சனம் ஊரை விட்டு வெளிக்கிட்ட இடம்பெயர்வைச் சொல்லி எல்லாரையும் கண்கலங்க வைச்சிட்டுப் போனா. அண்டு இரவு தன்ர கையை விடாமல் நடந்த சிநேகிதிதான் இண்டைக்கும் தனக்குத் துணிவு எண்டா. நானும் கண்ணைத் துடைச்சனான். ஏனெண்டா அந்த ஒக்ரோபர் 30 இரவு, மழைக்க, நாவற்குழிப் பாலத்தில நானும் நிண்டனான். பத்து வயசு. எனக்கும் கைபிடிக்க ஒருத்தி இருந்தவள். அவளைப் பற்றித்தான் சொல்லப்போறன்.

பாலம் தாண்டிப் போய்ச் சேர்ந்த தென்மராட்சியில ஒரு பள்ளிக்கூடம். மூண்டு பேர் இருக்கிற வாங்கில ஆறு பேர். இடைவேளைக்குப் பெண்பிள்ளையள் வேம்புக்குக் கீழ வட்டமா இருந்து, கல்லை மேல எறிஞ்சு பிடிக்கிற கொக்கான் வெட்டுவினம். ஒருநாள் நான் போய்க் குந்தினன். மேல போன கல்லைப் பிடிச்ச கை, நிலத்தில கிடந்த மிச்சக் கல்லையும் அள்ளிப் பொத்திக்கொண்டுது. ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை. ஏச்சில்லை, தள்ளினதில்லை. நான் எழும்பிக் கிணத்தடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தன். கல்லு திரும்ப மேல போகுது.

அது அந்த ஊர்ப் பிள்ளையின்ர கை இல்லை, நடுவர் ஐயா. பாலத்தில என்னைப் பிடிச்சிருந்த கை.

அவளில குற்றம் சொல்ல நான் வரேல்லை. புதுசா வந்தவளுக்கு அந்த வட்டத்தில ஒரு இடந்தான் கிடைச்சது. என்னையும் கூட்டிக்கொண்டு போனா அதுவும் போயிடும் எண்ட பயம். அவளுக்கும் பத்து வயசுதானே.

எதிரணி நட்பு வேற, காயம் வேற எண்டு கோடு கீறுது. பொடியங்கள் அடிபட்டிட்டுப் பின்னேரம் ஒண்டாப் பந்தடிப்பாங்கள், அங்க அந்தக் கோடு சரிவரலாம். (தலையாட்டிற தாய்மார் பொறுங்கோ, அதுவும் முழுக்க உண்மையில்லை.) பெண்பிள்ளையளிட்ட நட்பேதான் ஆயுதம். நாங்கள் பாலம் கடந்த அதே 1995இல நிக்கி கிரிக், ஜெனிபர் குரொட்பீற்றர் எண்ட ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதிச்சினம். அதுவரை அடி, உதை, ஏச்சைத்தான் கூடுதலா எண்ணினவை. அந்தக் கணக்கில பெண்பிள்ளையள் சாதுக்கள். இவை ரெண்டு பேரும் சேர்க்காமல் விடுறதையும், "சொன்னதைச் செய்யாட்டி உன்னோட கோவம்" எண்டு வெருட்டுறதையும் எண்ணிப் பார்த்தவை. அதில பெண்பிள்ளையள் முன்னுக்கு வந்திட்டினம்.

இலங்கையில பகிடிவதைக்கு எதிரா 1998இல 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. கொக்கான் கல்லைப் பொத்தினவளை எந்தச் சட்டத்தில பிடிக்கிறது? ரீச்சரிட்டச் சொன்னன். "வேற ஆரோடையும் போய் விளையாடு" எண்டா.

வளர்ந்தா மறந்துபோம் எண்டு சொல்லுவினம். பிரித்தானியாவில 1958 மார்ச்சில ஒரே கிழமைக்குள்ள பிறந்த ஆயிரக்கணக்கான பிள்ளையளை வளர வளரத் தொடர்ந்து பார்த்து வருகினம். 7 வயசிலயும் 11 வயசிலயும் மற்றப் பிள்ளையள் வதைக்கினமோ எண்டு தாய் தேப்பனிட்டக் கேட்டவை. 2014இல வந்த ஆய்வில என்ன தெரிஞ்சது? அடிக்கடி வதைபட்டவையில மனச்சோர்வும் பதகளிப்பும் 50 வயசிலயும் மற்றவையை விடக் கூடுதலா இருந்தது. உறவுகளின்ர துணையும் குறைவு. நாப்பது வருசம், ஐயா!

நான் கலியாண மண்டபத்துக்குள்ள போனா முதல் பொம்பிளை மாப்பிள்ளையைப் பார்க்கிறேல்லை. எந்த மேசையில போய் இருந்தா "இதில ஆள் வருது" எண்டு சொல்லமாட்டினம் எண்டு பார்ப்பன். வாட்ஸ்அப் குழுவில நான் ஒண்டு போட்ட பிறகு ஒருத்தரும் எழுதாட்டி, அண்டைக்கு நித்திரை இல்லை. மகள் பள்ளிக்கூடத்தால வந்து சப்பாத்துக் கழட்ட முதல் நான் கேக்கிறது, "இண்டைக்கு ஆரோட இருந்து சாப்பிட்டனீ?" அவள் பாவம், அலுத்துப்போனாள்.

போன வருசம் நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில இருந்து அவள் வந்தவள். கட்டிப்பிடிச்சு அழுதாள். பாலம், மழை, அம்மா தலையில வைச்சிருந்த பெட்டி, எல்லாம் ஒவ்வொண்டாச் சொன்னாள். நான் கொக்கானைக் கேட்டன். "நாங்கள் கொக்கான் விளையாடினனாங்களே?" எண்டாள். பொய்யில்லை. அவளுக்கு உண்மையா ஞாபகம் இல்லை.

எதிரணி அக்காவும் பாலத்தை மட்டுந்தான் சொன்னவ. அக்கா, இண்டைக்கு வீட்டை போய் உங்கட சிநேகிதிக்கு ஒரு கோல் எடுத்து, அதுக்குப் பிறகு நடந்ததையும் கேட்டுப் பாருங்கோ. மணி அடிச்சிட்டுது, நான் இருக்கிறன்.