அடுத்த குவாட்டர்பேக்கை எப்படிப் பிடிக்கணும்? டென்வர் போட்ட ரெண்டு கணக்கு

வணக்கம் மக்களே. இன்னைக்கு ஒரே கேள்விதான். ஒரு என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பாலோட புரொஃபஷனல் லீக்) டீம்கிட்ட குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவர், இல்லை. அடுத்தவரை எங்க, எப்படி, என்ன விலைக்குத் தேடணும்?

இதுக்கு டென்வர் பிராங்கோஸை விட நல்ல உதாரணம் கிடையாது. ஒரே டீம், ரெண்டே வருஷ இடைவெளில, ரெண்டு வழியையும் காட்டிருச்சு.

முதல் வழி, 2022 மார்ச். சியாட்டில்ல இருந்து ரஸ்ஸல் வில்சனை வாங்கினாங்க. விலை என்ன? ரெண்டு முதல் ரவுண்ட் பிக், ரெண்டு ரெண்டாவது ரவுண்ட் பிக், கூடவே மூணு பிளேயர். (டிராஃப்ட்னா வருஷா வருஷம் காலேஜ் பிளேயர்களை டீமுங்க ரவுண்டு ரவுண்டா எடுக்குறது. பிக்னா அதுல ஒருத்தரை எடுக்குற வாய்ப்பு.) அதோட விட்டாங்களா? அவர் டென்வர் ஜெர்சில ஒரு லீக் மேட்ச் ஆடுறதுக்கு முன்னாடியே 24.5 கோடி டாலருக்கு அஞ்சு வருஷ கான்ட்ராக்ட் நீட்டிப்பு. அந்த சீசன் 5 ஜெயிச்சு 12 தோத்தாங்க. ஹெட் கோச் சீசன் முடியுறதுக்குள்ளயே போயாச்சு. 2024 மார்ச்ல வில்சனையும் அனுப்பிட்டாங்க. அவர் ஆடாமலே சாலரி கேப்ல (ஒரு டீம் சம்பளத்துக்குச் செலவழிக்கக் கூடிய உச்ச வரம்பு) உட்கார்ந்த தொகை 8.5 கோடி டாலர். சியாட்டில் என்ன பண்ணுச்சு? வந்த முதல் ரவுண்ட் பிக்ல ஒண்ணுல லெஃப்ட் டாக்கிள் (குவாட்டர்பேக்கோட இடப்பக்கத்தைக் காக்குறவர்) சார்லஸ் கிராஸ், இன்னொண்ணுல கார்னர் (எதிரணில பாஸ் பிடிக்கிறவரைத் தடுக்கிறவர்) டெவன் விதர்ஸ்பூன். வித்தவங்க டீம் கட்டிட்டாங்க, வாங்கினவங்க கடன் கட்டினாங்க.

ரெண்டாவது வழி, அதே 2024 ஏப்ரல். டிராஃப்ட்ல 12-ஆவது பிக், ஓரிகன் காலேஜோட போ நிக்ஸ். அந்த டிராஃப்ட்ல அவர் ஆறாவது குவாட்டர்பேக். ரொம்ப மேல எடுத்துட்டாங்கன்னு அன்னைக்கே ஏகப்பட்ட பேர் சிரிச்சாங்க. நாலு வருஷத்துக்கும் சேர்த்து அவருக்குச் சம்பளம் சுமார் 1.86 கோடி டாலர். வந்த முதல் வருஷமே 29 டச்டவுன் பாஸ் (ஸ்கோர்ல முடிஞ்ச பாஸ்), 10 வெற்றி, பிளேஆஃப் (சீசன் முடிவுல நடக்குற நாக்அவுட் சுற்று). 2015 சீசன்ல சூப்பர் பவுல் (லீக் ஃபைனல்) ஜெயிச்சதுக்கு அப்புறம் டென்வர் பிளேஆஃப் பார்த்தது அப்பதான்.

இதை அதிர்ஷ்டம்னு தள்ளிடாதீங்க. நிக்ஸ்கிட்ட அவங்க பார்த்த விஷயங்களை எந்த டீமும் பார்க்கலாம்.

ஃபிலிமுக்கு, அதாவது மேட்ச் வீடியோவுக்கு, போறதுக்கு முன்னாடி பணத்தைப் பேசிடுவோம். 2011 தொழிலாளர் ஒப்பந்தத்துக்கு முன்னாடி, முதல் பிக்ல வர்ற பையனே டீமை முழுங்கிடுவான். 2010-ல சாம் பிராட்ஃபோர்டுக்கு 5 கோடி டாலர் கேரண்டி கொடுத்தாங்க. இப்ப ரூக்கி (டிராஃப்ட்ல புதுசா வந்த பிளேயர்) சம்பளம் பிக் நம்பரை வச்சு ஃபிக்ஸ். நாலு வருஷம், முதல் ரவுண்டா இருந்தா அஞ்சாவது வருஷத்துக்கு ஆப்ஷன். இன்னொரு பக்கம் டல்லஸ் குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட் வருஷத்துக்கு 6 கோடி டாலர் வாங்குறார். 2025-ல ஒரு டீமோட மொத்த கேப் 27.92 கோடி. கணக்குப் போட்டுப் பாருங்க. ரூக்கி குவாட்டர்பேக் நல்லா ஆடுற அந்த நாலு வருஷமும், மிச்சப் பணத்துல லைன் (குவாட்டர்பேக்கைக் காக்குறவங்க), ரிசீவர் (பாஸைப் பிடிக்கிறவர்), பாஸ் ரஷர் (எதிரணி குவாட்டர்பேக் மேல பாயுறவர்)னு ஒரு படையே வாங்கலாம். அதனாலதான் டிராஃப்ட் வழியைத் திரும்பத் திரும்ப எல்லாரும் முயற்சி பண்றாங்க.

மோசமான இடம் நடுவுல இருக்கு. டாப்பும் இல்லை, மட்டமும் இல்லை, ஆனா டாப் விலை. டேனியல் ஜோன்ஸுக்கு ஜெயன்ட்ஸ் 2023-ல கொடுத்த 16 கோடி டாலர் கான்ட்ராக்ட் அந்த ரகம். 2024 நவம்பர்ல அவரை விடுவிச்சுட்டாங்க.

சரி, இப்ப ஃபிலிம். இந்த வீடியோல நான் ரொம்ப நேரம் நிக்கப் போற இடம் இதுதான்.

டிவி ஹைலைட்ஸை மூடி வைங்க. 22 பேரும் தெரியுற உயரக் கேமரா ஃபுட்டேஜ் வேணும். முதல் வேலை, வடிகட்டுறது. ஸ்க்ரீன் பாஸ் (பக்கத்துலயே குட்டியா எறியுறது) எல்லாத்தையும் எடுத்துருங்க. ஆர்பிஓ (ஓடுறதா எறியுறதான்னு அந்த நொடில முடிவெடுக்குற பிளே) எடுத்துருங்க. முதல் ரிசீவரே ஆளில்லாம நின்னு கை காட்டுற பாஸையும் எடுத்துருங்க. பெரிய காலேஜ்ல ஆடுற பையனா இருந்தா இதுலயே பாதி ஃபிலிம் காலியாகும். மிச்சத்துல தர்ட் டவுன்ல (பத்து யார்டு கடக்கக் கிடைக்கிற நாலு முயற்சில மூணாவது) ஏழு யார்டுக்கு மேல வேண்டிய பிளே, கடைசி 20 யார்டுக்குள்ள நடக்குற பிளே, பிரஷர் (ரஷர் நெருங்குறது) வந்த பிளே, இந்த மூணையும் தனியா வைங்க. ஒவ்வொரு பிளேயையும் மூணு தடவை பாருங்க. முதல் தடவை கால் மட்டும். ரெண்டாவது தடவை ஹெல்மெட் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு. மூணாவது தடவைதான் முழு மைதானம்.

என்ன தேடறோம்? இப்படி வச்சுக்கோங்க. தர்ட் அண்ட் எய்ட், அதாவது மூணாவது முயற்சி, எட்டு யார்டு வேணும். பின்னாடி ரெண்டு சேஃப்டி (டிஃபென்ஸோட கடைசி வரிசை) நிக்கிறாங்க. ஸ்னாப் ஆன (பந்து குவாட்டர்பேக் கைக்கு வந்த) உடனே ஒருத்தர் கீழ இறங்கி நடுவுல வர்றார், இன்னொருத்தர் ஆழத்துல நடுவுக்குப் போறார். ஸ்னாப்புக்கு முன்னாடி பையன் மனசுல போட்ட பிளான் இப்ப செல்லாது. அவன் ஷாட்கன்ல (லைனுக்குக் கொஞ்சம் பின்னாடி நின்னு பந்தை வாங்குறது) இருந்து மூணு ஸ்டெப் பின்னால போய், ஒரு சின்ன ஹிட்ச் (குட்டி எட்டு) எடுக்குற நேரத்துக்குள்ள புது விடை வரணும். பந்து கையை விட்டுப் போக மொத்தமே ரெண்டரை செகண்ட் சொச்சம்தான். முதல் செகண்ட்ல ஹெல்மெட் தான் எறியப் போற ரிசீவரையே முறைச்சுட்டு இருந்தா, அந்த சேஃப்டி அங்கதான் வந்து நிப்பார். இது காலேஜ்ல தப்பிச்சுடும். என்எஃப்எல்ல இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி பந்தைப் பிடிச்சுரும்.

அதே பிளேல ரைட் சைடுல ரஷர் டாக்கிளைத் தாண்டி வளைஞ்சு வர்றார்னு வைங்க. நல்ல குவாட்டர்பேக் பாக்கெட்டுக்குள்ள (லைன் வளைச்சுக் காக்குற இடம்) ரெண்டு எட்டு முன்னால ஏறுவான், கண்ணு மைதானத்துலயே இருக்கும். மத்தவன் கண்ணு ரஷர் மேல விழுந்துரும். உடனே பின்னாலயோ வெளியயோ ஓடுவான். பின்னால ஓடுறதுல என்ன கெடுதல்னா, டாக்கிள் ஏழு யார்டு ஆழத்துக்குக் கணக்குப் போட்டுத் தடுக்கிறார். இவன் பன்னிரண்டு யார்டுல நின்னா அந்தத் தடுப்போட கோணமே தப்பாயிடும். பழி லைன் மேல விழும், தப்பு இவனோடது.

அதனாலதான் நான் ஒரே ஒரு நம்பர் பார்க்கச் சொன்னா இதைச் சொல்வேன். பிரஷர் வந்த நூறு தடவைல எத்தனை தடவை சாக் (பந்தை எறியுறதுக்கு முன்னாடியே வீழ்த்தப்படுறது) ஆகுறான்? 15-க்குக் கீழ இருந்தா நிம்மதி. 20 தாண்டினா ஃபிலிமை இன்னொரு ரவுண்டு பாருங்க. காலேஜ்ல சாக் வாங்குற பழக்கம் என்எஃப்எல்லுக்கும் கூடவே வரும். அங்க ரஷர் இன்னும் வேகம், அவ்வளவுதான் வித்தியாசம். போ நிக்ஸ் ஓரிகன்ல கடைசி சீசன் முழுக்க வாங்கின சாக் வெறும் 5. இதுக்கு விதிவிலக்கு இல்லையா? இருக்கு. ஜேடன் டேனியல்ஸ் மேல எல்எஸ்யூ காலேஜ்ல இருக்கும்போது இந்தக் கேள்விதான் எழுந்துச்சு. வாஷிங்டன் வந்து முதல் வருஷமே டீமை என்எஃப்சி (லீக்கோட ரெண்டு பாதில ஒண்ணு) ஃபைனலுக்குக் கொண்டு போயிட்டார். ஆனா அவர் மாதிரி காலால தப்பிக்கிறவங்க எத்தனை பேர்?

ரெண்டாவதா, எத்தனை மேட்ச் ஸ்டார்ட் பண்ணியிருக்கான்? நிக்ஸ் 61 மேட்ச், காலேஜ் குவாட்டர்பேக்ல அப்ப அதுதான் ரெக்கார்டு. டிராஃப்ட்ல சீக்கிரமே எடுக்கப்பட்ட மத்தவங்கள்ல மிட்ச் ட்ரூபிஸ்கி 13. ட்ரே லான்ஸ் 17. ஆந்தனி ரிச்சர்ட்சன் 13. நிறைய ஆடினவன் நிச்சயம் ஜெயிப்பான்னு சொல்லலை. அவனைப் பத்தி உங்களுக்கு நிறையத் தெரிஞ்சிருக்கும், அதைத்தான் சொல்றேன். 13 மேட்ச்ல நீங்க பார்க்கிறது திறமையா, ஒரு நல்ல சீசனான்னு பிரிக்கவே முடியாது. எதிரணிங்க அவனைப் படிச்சுட்டு அடுத்த வருஷம் வேற டிஃபென்ஸோட வந்தாங்கன்னா அவன் என்ன பண்றான்னு பார்க்க ரெண்டாவது சீசன் வேணும்ல?

கை பலம் கடைசி. அதுவும் ஒரே ஒரு பாஸ்ல பாருங்க. காலேஜ்ல ஹாஷ் மார்க் (பிளே தொடங்குற இடத்தோட எல்லைக் கோடு) ரெண்டுக்கும் நடுவுல 40 அடி, என்எஃப்எல்ல 18 அடி 6 இன்ச். அதனால காலேஜ்ல ஒரு ஹாஷ்ல இருந்து எதிர்ப்பக்கக் கோட்டுக்கு எறியுற 15 யார்டு அவுட் (ரிசீவர் ஓரக் கோட்டைப் பார்த்துத் திரும்பி ஓடுற பாஸ்), என்எஃப்எல்ல வர்றதை விட நீளமான பாஸ். அது தொங்காம போச்சுன்னா கை போதும். அதுக்கு மேல 70 யார்டு எறியுறது யூட்யூப் கிளிப்புக்குத்தான் உதவும்.

இங்க உடனே ஒருத்தர் ஜோஷ் ஆலன்னு சொல்வீங்க. தெரியும். வயோமிங் காலேஜ்ல 56 சதவீதம்தான் பாஸ் போய்ச் சேர்ந்துச்சு. பஃபலோல முதல் வருஷம் 52.8. 2020-ல 69.2. அந்த நடுவுல என்ன நடந்துச்சுன்னும் பாருங்க. பிளே கூப்பிட்ட பிரையன் டேபோல் முதல் நாலு வருஷமும் மாறவே இல்லை. இடுப்புக்குக் கீழ இருந்த மெக்கானிக்ஸை உட்கார்ந்து திருத்தினாங்க. 2020-ல ஸ்டெஃபான் டிக்ஸை வாங்கிக் கொடுத்தாங்க. இந்த மூணையும் நாலு வருஷம் செய்யத் தயாரா இருக்குற டீம் மட்டும்தான் அடுத்த ஆலனைத் தேடலாம்.

அளவு, டெஸ்ட், இதெல்லாம் வேகமா முடிச்சுடறேன். கை அகலம் 9 இன்ச்சுக்குக் கீழ இருந்தா குளிர்லயும் மழைலயும் பந்து நழுவுதான்னு ஃபிலிம்ல பாருங்க, அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்லை. ஜோ பர்ரோவுக்கே சரியா 9. புரோ டேன்னு காலேஜ்லயே நடக்குற பயிற்சிக் காட்சி இருக்கே, அது ஜாதகத்தோட வர்ற ஸ்டுடியோ போட்டோ மாதிரி. ரஷர் கிடையாது, எறியப் போற பாஸ் எல்லாம் முன்னாடியே எழுதி வச்சது, எல்லாரும் அழகாத்தான் தெரிவாங்க. மூளை டெஸ்ட் ஸ்கோர் கசிஞ்சா அதை வச்சு யாரையும் கழிக்காதீங்க. 2023-ல சி.ஜே. ஸ்ட்ரவுடோட ஸ்கோர் குறைவுன்னு செய்தி கசிஞ்சுச்சு. அந்த வருஷம் ஆஃபென்ஸ்ல சிறந்த ரூக்கி அவர்தான், 23 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன்.

இண்டியானாபோலிஸ் கம்பைன்ல (டிராஃப்ட்டுக்கு முன்னாடி நடக்குற சோதனை முகாம்) ஒரு பையனோட பேச 18 நிமிஷம்தான் கிடைக்கும். அதை எங்க அப்பா, எங்க ஊருன்னு கழிக்காதீங்க. அவனோட மோசமான இன்டர்செப்ஷனைப் போட்டு, போர்டுல அந்த பிளேயை வரையச் சொல்லுங்க. பதினோரு பேரோட வேலையும் தெரியுதா, தன் வேலை மட்டும்தான் தெரியுதா? அதை விட நல்ல சோதனை தனி ஒர்க்அவுட்ல இருக்கு. முந்தின நாள் ராத்திரி உங்க பிளேபுக்ல இருந்து பதினஞ்சு பிளே கொடுங்க. காலைல பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க, அப்புறம் மைதானத்துல ஓட்டச் சொல்லுங்க. புதன்கிழமை கேம் பிளான் வாங்கி ஞாயித்துக்கிழமை ஆடுறதுதான் அவனோட வேலையே.

சரி, பையனைப் பிடிச்சாச்சு. என்ன விலை கொடுக்கலாம்? 2017-ஐப் பாருங்க. சிகாகோ பேர்ஸ் மூணாவது பிக்ல இருந்து ரெண்டாவதுக்கு, ஒரே ஒரு இடம் ஏற, மூணு பிக் கூடுதலாக் கொடுத்தாங்க, ட்ரூபிஸ்கிக்காக. அதே ராத்திரி கன்சாஸ் சிட்டி 27-ல இருந்து 10-க்கு, 17 இடம் ஏறி, ஒரு மூணாவது ரவுண்டும் அடுத்த வருஷ முதல் ரவுண்டும் கொடுத்து பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தாங்க. 2021-ல சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ் லான்ஸுக்காகக் கூடுதலா ரெண்டு முதல் ரவுண்டும் ஒரு மூணாவது ரவுண்டும் கொடுத்தாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அவரை டல்லஸுக்கு ஒரு நாலாவது ரவுண்ட் பிக்குக்கு வித்தாங்க.

ஆனா எனக்கு நிஜமாவே கோபம் வர்ற டிரேடு கரோலினாவோடது. 2023-ல பிரைஸ் யங்கை முதல் பிக்ல எடுக்க, பிக்குகளோட டி.ஜே. மூரையும் கொடுத்துட்டாங்க. வரப்போற பையன் யாருக்கு எறிவானோ, அந்த ரிசீவரையே விலையாக் கொடுத்துட்டாங்க! முதல் வருஷம் யங் 62 தடவை சாக் ஆனார். கோச் ஃபிராங்க் ரைக் 11 மேட்ச்ல வேலையை இழந்தார். அவங்க கொடுத்த அடுத்த வருஷ முதல் ரவுண்ட் பிக்தான் நம்பர் ஒன் ஆகி, சிகாகோவுக்கு கேலப் வில்லியம்ஸாப் போச்சு. அதனால வரிசை முக்கியம். முதல்ல லெஃப்ட் டாக்கிள், ஒரு நம்பகமான ரிசீவர், குறைஞ்சது மூணு வருஷம் மாத்த மாட்டோம்னு ஓனர் வாய்விட்டுச் சொன்ன ஒரு கோச். அப்புறம் குவாட்டர்பேக். இந்த வரிசையை மாத்தினா என்ன ஆகும்னு 2002-ல ஹூஸ்டன் காட்டுச்சு. புது டீம், லைனே இல்லை, டேவிட் கார் ஒரே சீசன்ல 76 சாக்.

உட்கார வச்சுப் பழக்கணுமா, உடனே இறக்கணுமான்னு முடிவில்லாத சண்டை ஒண்ணு ஓடுது. மஹோம்ஸ் ஒரு வருஷம் அலெக்ஸ் ஸ்மித் பின்னாடி இருந்தார். ஜோர்டன் லவ் மூணு வருஷம் ஆரன் ராட்ஜர்ஸ் பின்னாடி. ஸ்ட்ரவுட், டேனியல்ஸ் முதல் வாரமே இறங்கினாங்க. லைன் தாங்கினா இறக்குங்க, தாங்கலைன்னா வைங்க. இதுல தத்துவம் எதுவும் இல்லை.

டீமுங்க மறந்துட்ட ஒரு பழைய பழக்கம் இருக்கு. 90-கள்ல கிரீன் பே ஜெனரல் மேனேஜர் ரான் வுல்ஃப், பிரெட் ஃபார்வ் உச்சத்துல இருக்கும்போதே பின் ரவுண்டுகள்ல குவாட்டர்பேக் எடுத்துட்டே இருந்தார். மார்க் புரூனெல், மேட் ஹாசல்பெக், ஆரன் புரூக்ஸ். மூணு பேரும் வேற டீமுக்குப் போய் ஸ்டார்ட்டர் ஆனாங்க. அவங்களை வித்ததுல கிரீன் பேக்கு பிக்குகளும் கிடைச்சுச்சு. 2012-ல வாஷிங்டன் ரெண்டாவது பிக்ல ராபர்ட் கிரிஃபினை எடுத்துட்டு, நாலாவது ரவுண்டுல கிர்க் கசின்ஸையும் எடுத்தப்ப கேலி பண்ணாங்க. கிரிஃபின் முட்டி போனதுக்கு அப்புறம் டீமை ஓட்டினது கசின்ஸ். லான்ஸ்ல அவ்வளவு இழந்த 49அர்ஸைக் காப்பாத்தினதே 2022 டிராஃப்ட்டோட கடைசி பிக், 262-ஆவதா வந்த பிராக் பர்டிதான். நாலாவது ரவுண்ட்ல எடுக்குற ரிசர்வ் கார்னர் உங்க டீமை மாத்த மாட்டார். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்த இடத்துல ஒரு குவாட்டர்பேக் எடுங்க.

கடைசியா, எப்ப நிறுத்தணும். அரிசோனா 2018-ல பத்தாவது பிக்ல ஜோஷ் ரோசனை எடுத்து, ஒரே வருஷத்துல தப்புன்னு தெரிஞ்சதும் 2019 முதல் பிக்ல கைலர் மர்ரியை எடுத்தாங்க. பார்க்க அசிங்கம்தான், ஆனா செலவழிச்ச பிக்குக்காக இன்னும் ரெண்டு வருஷத்தை அடகு வைக்கலை. முதல் ரவுண்ட் குவாட்டர்பேக்னா மூணாவது சீசன் முடிஞ்ச மே மாசத் தொடக்கத்துக்குள்ள அஞ்சாவது வருஷ ஆப்ஷனை எடுக்கணுமா வேணாமான்னு முடிவு பண்ணியாகணும். எடுத்தா அந்தப் பணம் முழுக்க கேரண்டி. ஜெயன்ட்ஸ் 2022-ல ஜோன்ஸுக்கு அதை வேணாம்னாங்க. சரியான முடிவு. அந்த வருஷம் அவர் ஒரு பிளேஆஃப் மேட்ச் ஜெயிச்சதும் மனசு மாறி, அந்த 16 கோடியை எழுதிக் கொடுத்தாங்க. மூணு வருஷ ஃபிலிம் சொன்னதை ஒரு மாச ஃபிலிம் அழிச்சிருச்சு.

அடுத்த வீடியோல லெஃப்ட் டாக்கிளை எப்படிப் பார்க்கணும்னு இதே மாதிரி ஃபிலிம் வச்சுப் பேசுவோம். வரேன் மக்களே.